அண்ணனைப் பற்றித் தம்பியிடமும் கேளுங்கள்

மலேசிய சமூகநல இலாகாவின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

மகன் போலீசில் பிடிபட்டதும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதானே வளர்த்தேன்? சின்னவன் ஒழுங்காத்தானே இருக்கான்?" நாம் ஆறுதல் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உங்கள் நன்னடத்தை அதிகாரிகள் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன்.

சிறார் சட்டம் 2001-இன் 90ஆம் பிரிவு, என்ன உத்தரவிடுவது என்று நீதிமன்றம் முடிவு செய்யுமுன் நன்னடத்தை அறிக்கையைக் கேட்கிறது. நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு, வளர்ச்சி நிலை எல்லாம் அதில் வர வேண்டும். உடன்பிறந்தவர்களைப் பற்றி அந்தப் பிரிவு தனியாகக் கேட்கவில்லை. பையன் வீடு திரும்புவதா, உங்கள் துனாஸ் பக்தி சீர்திருத்தப் பள்ளியில் மூன்றாண்டு இருப்பதா, சிறைத்துறையின் ஹென்றி கர்னி பள்ளிக்குப் போவதா என்று முடிவெடுக்கும் மாஜிஸ்திரேட்டின் கையில் இருப்பது அந்த அறிக்கைதான்.

வில்லியம் ஹீலியும் அகஸ்டா புரோனரும் 1936இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. குற்றத்தில் சிக்கிய 105 பிள்ளைகளை, அதே வீட்டில் வளர்ந்தும் சிக்காத உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். சிக்கியவர்களில் 91 விழுக்காட்டினர் மனத்துக்குள் கடும் நிம்மதியின்மையோடு இருந்தனர். மற்றவர்களில் 13 விழுக்காட்டினர் மட்டுமே. தன்னை யாரும் விரும்பவில்லை, கூடப் பிறந்தவனுக்கே எல்லாம் கிடைக்கிறது என்ற குமுறல் அதில் பெரிது. மாட்டிக்கொண்ட பிறகு கேட்டதால் அந்தத் துயரம் சற்றுக் கூடியிருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது மட்டுமே விளக்கிவிடாது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் இந்த வேறுபாடு எப்படி வரும்? ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் அப்பாவுக்கு மூத்தவன் பிறந்தபோது இரவு வேலை. சின்னவன் பிறந்தபோது பாட்டியும் வீட்டோடு வந்துவிட்டார். இருவரும் படித்தது ஒரே தமிழ்ப்பள்ளி. மலாயில் தேறாத மூத்தவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தான். அவனோடு படித்தவர்கள் முதலாம் படிவத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ஓராண்டில் அவனைத் தேடி வந்து தோளில் கைபோட்டவர்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கும் அண்ணன்மார். அவர்கள் 2013இல் உள்துறை அமைச்சு பெயர் வெளியிட்ட 49 கும்பல்களில் ஏதோ ஒன்றின் ஆட்களாகவும் இருக்கலாம். தம்பிக்கோ கால்பந்துப் பயிற்றுநர் ஒருவர் கிடைத்தார். முகவரி ஒன்று, பெற்றோரும் அவர்களே. இருந்தும் அதிகாரி 'வீட்டுச் சூழல்' என்று எழுதும் இரண்டு வரி, இந்த இருவருக்கும் ஒருசேரப் பொருந்தாது.

இதைச் சொல்வது பெற்றோரைப் பழிப்பதற்காக அல்ல. எல்லாப் பழியையும் தாயின் தலையில் கட்டும் வழக்கத்துக்கு இந்த ஒப்பீடு முடிவு கட்டும் என்றே நம்புகிறேன். தம்பியைத் தாங்கியது எது என்று தெரிந்தால், அண்ணனுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே, அதிகாரி உடன்பிறந்தவரைத் தனியே சந்திக்கட்டும். வயதுக்கேற்ப, அண்ணனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லாமல், பெற்றோர் சம்மதத்தோடு பேசட்டும். யார் எப்போது எந்தப் பள்ளியில் தேங்கினார்கள், வீட்டில் யார் யாரோடு நெருக்கம் என்பதை அறிக்கை சொல்லட்டும். அண்ணன் துனாஸ் பக்திக்குப் போன மறுநாள் அதே ஆட்கள் தம்பியைக் கூப்பிடக்கூடும். அவனுக்கும் ஓர் அதிகாரியின் பார்வை தேவை. சட்டத்தைத் திருத்தக் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். கிள்ளானிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கிள்ளான்வாசி ஒருவர்