குழாய் இல்லாத வீடு

1995-ம் ஆண்டு பெங்களூர் விஜயநகரில் ஒரு புது வீடு எழுந்தது. எல்லா வசதிகளும் அதில் இருந்தன. குடிநீர்க் குழாய் இணைப்பு மட்டும் இல்லை!

வீட்டுக்காரர் மறந்துவிடவில்லை. வேண்டாம் என்றே விட்டுவிட்டார்.

அவர் பெயர் ஏ. ஆர். சிவகுமார். என்ஜினீயர். இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் உள்ள கர்நாடக மாநில விஞ்ஞான தொழில்நுட்ப மன்றத்தில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர். மழை நீரைச் சேமிப்பதே அவர் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்குத் தம் சொந்த வீட்டையே பரிசோதனைச் சாலை ஆக்கினார். குழாய்த் தண்ணீரை நம்பாமலே அவர் குடும்பம் வாழ்ந்து காட்டியது.

எளிய கணக்கு

இதில் மந்திரமோ மாயமோ இல்லை. பள்ளிப் பிள்ளை போடும் கணக்குத்தான்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் தண்ணீர் தேவை. வருஷத்துக்கு 1 லட்சத்து 82 ஆயிரத்து 500 லிட்டர்.

பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அறுபது அடி நீளம், நாற்பது அடி அகலம் உள்ள மனையில் விழும் மழை எவ்வளவு தெரியுமா? சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம் லிட்டர்! கொஞ்சம் வீணானாலும், கட்டுச்செட்டாக இருந்தால் குடும்பம் நடத்திவிடலாம்.

மழை இல்லாத நாட்களுக்கு என்ன செய்வது? பழைய மழைக் குறிப்புகளை என்ஜினீயர் புரட்டிப் பார்த்தார். ஒரு நல்ல மழைக்கும் மறு மழைக்கும் இடையே ஏறத்தாழ 90 நாள். எனவே 45 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் இருந்தால் போதும் என்று தெரிந்தது.

கூரைத் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஒரு வடிகட்டியும் கண்டுபிடித்தார். குப்பை அடைத்துக்கொண்டால் அதன் உட்பாகம் தானாக மேலே எழும்பிவிடும். தண்ணீர் வெளியே போய்விடும், மாடியில் தேங்காது.

மலை ஏறும் காவிரி

ஒரு வீட்டுக் கதையால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம்.

பெங்களூருக்கு வரும் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. அதுவும் 300 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு, மின்சாரப் பம்புகளின் பலத்தில் ஏறி வருகிறது. அந்த மின்சாரத்துக்கே பெரும் பணம் செலவாகிறது.

2018-ல் சுப்ரீம் கோர்ட்டு கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டி.எம்.சி. தண்ணீர் வழங்கியது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூருக்கு என்று சொல்லப்பட்டது. அதே தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைந்தது. பெங்களூர்க்காரர் தம் வீட்டு மாடி மழையைப் பிடிப்பதும் பிடிக்காததும் தஞ்சை விவசாயிக்கும் சம்பந்தமுள்ள விஷயம் என்பது இதிலிருந்து விளங்கும்.

2023-ல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு கோடையில் பெங்களூரின் 13,900 அரசாங்க ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வறண்டன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு பிறந்தது. 2024 அக்டோபரில் காவிரியின் ஐந்தாம் கட்டத் திட்டம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதலாகக் கிடைக்க வழி பிறந்தது. நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு அது அவசியமே. ஆனால் ஆறு வறண்டால், எத்தனை பெரிய குழாய் போட்டும் பயன் என்ன?

சட்டம் உண்டு, மனம் உண்டா?

மழை நீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கி 2009-லேயே கர்நாடகத்தில் சட்டம் வந்துவிட்டது. பெங்களூர் ஜெயநகரில் மழை நீர்ச் சேமிப்பு முறைகளை விளக்கும் பூங்காவும் உண்டு. ஆனால் தொட்டி கட்டுவதைவிட அபராதம் கட்டுவது சுலபம் என்று இருப்போரும் இருக்கிறார்கள்.

வேறொரு சங்கடமும் இருக்கிறது. அதே மனையில் தனி வீட்டுக்குப் பதில் 20 குடும்பங்கள் வாழும் அடுக்கு மாளிகை எழுந்தால்? மழை கூடாது, வாய்கள்தான் கூடும். குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர்கூடத் தேறாது.

அங்கே உபயோகித்த தண்ணீரைத்தான் மறுபடி நம்ப வேண்டும். குளித்த நீரையும் துவைத்த நீரையும் அந்தந்தக் கட்டடத்திலேயே சுத்திகரித்து, கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் விடலாம். பெரிய குடியிருப்புகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. இயந்திரத்தை நிறுவினால் மட்டும் போதாது. தினமும் ஆள் வைத்துக் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. தனி வீட்டுக்கு மழை, மாளிகைக்கு மறுசுத்திகரிப்பு, மீதிக் குறைக்கு ஆறு. இந்த வரிசையில் நினைத்தால் நகரம் பிழைக்கும். ஆற்றையே முதலில் நினைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

தமிழ்நாட்டிலும் 2003-ல் மழை நீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்படியும் 2019 கோடையில் சென்னை தவித்தது. சட்டத்துக்காகத் தோண்டிய குழிகளில் எத்தனை மண் மூடிக் கிடக்கின்றனவோ!

அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டுக் குழியை ஒரு முறை திறந்து பாருங்கள்.