துணுக்குத் தோரணம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

கிரேஸி மோகனைப் பற்றித் தமிழில் இரண்டே கருத்துகள்தான் உண்டு. இலக்கியம் பேசுகிறவர்கள் 'துணுக்குத் தோரணம்' என்பார்கள். ரசிகர்கள் அவருடைய ஒற்றை வரிகளை வாட்ஸப்பில் தள்ளிவிட்டு 'மனுஷன் ஜீனியஸ்யா' என்பார்கள். பார்க்க எதிரெதிர்க் கட்சி மாதிரி இருக்கும். ஆனால் இருவரும் செய்கிற வேலை ஒன்றுதான். நாடகத்தைப் பிய்த்துத் துணுக்குகளாகக் கையில் எடுக்கிறார்கள். ஒருவர் அதைக் குப்பை என்கிறார், மற்றவர் முத்து என்கிறார். முழு நாடகம் அங்கேயே கிடக்கிறது.

1952இல் பிறந்த மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். 1972இல் கல்லூரிப் போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' எழுதினார். 1976இல் எஸ்.வி.சேகரின் நாடகப்ரியா குழுவுக்காக எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவர் பெயருக்கு முன்னால் 'கிரேஸி'யை ஒட்டவைத்தது. 1979இல் கிரேஸி கிரியேஷன்ஸ் என்று சொந்தக் குழு. 'மேரேஜ் மேட் இன் சலூன்' 1983இல் பாலசந்தர் கையில் 'பொய்க்கால் குதிரை' படமானது. சுந்தரம் கிளேட்டன் வேலையை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். 'அபூர்வ சகோதரர்க'ளில் தொடங்கிக் கமலுக்கு வசனம் எழுதினாலும் மேடையை விடவில்லை. 2008இல்கூட 'சாக்லேட் கிருஷ்ணா' போட்டார். 2019 ஜூன் 10 அன்று இறந்தார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே வடிவத்தை விடாமல் செய்துபார்த்தவர். அது என்ன வடிவம் என்று கேட்க நமக்கு நேரமில்லை.

'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு' என்பார்கள் இல்லையா, அதுதான் அந்த வடிவத்தின் விதை. ஒருத்தன் தப்பிக்க ஒரு பொய் சொல்கிறான். அதைக் காப்பாற்ற இரண்டாவது பொய். இரண்டாவதைக் காப்பாற்ற ஓர் ஆள்மாறாட்டம். எந்தக் கதவு வழியாக யார் எப்போது வரக்கூடாதோ, அவர் அப்போது வருவார். இதில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்கிற கணக்கு ஒரு நொடி பிசகினாலும் சிரிப்பு வராது. சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், பத்துப் பேர் தலைக்குள் இருக்கிற பத்து வெவ்வேறு 'உண்மை'களை இரண்டு மணிநேரம் குழப்பாமல் ஓட்டுவது சின்ன வேலை இல்லை. ஜோக் என்பது அந்த இயந்திரத்தில் போடுகிற எண்ணெய். எண்ணெயை மட்டும் முகர்ந்துவிட்டு வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம்.

'அவ்வை சண்முகி'யை (1996) எடுத்துக்கொள்ளுங்கள். கரு 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்கிற ஹாலிவுட் படத்தினுடையது, திரைக்கதை கமல், வசனம் மோகன். தமிழுக்கு வந்தபோது அதில் சேர்ந்தது என்ன? ஓர் ஐயர் வீட்டு அடுப்படி. சாதி மாறிக் கல்யாணம் செய்து, மனைவியைப் பிரிந்த பாண்டியன் அங்கே மாமி வேஷத்தில் நுழைகிறான். அதே வீட்டில் பாஷா என்கிற முஸ்லிம், வாய் பேசாத பிராமணச் சமையல்காரராக நடிக்கிறார். வீட்டுக்காரர் ஐயர், தொழிலோ தோல் வியாபாரம்! யார் சமைக்கலாம், யார் உள்ளே வரலாம் என்கிற கேள்வியை இத்தனை லட்சம் பேர் முன்னால், ஒருவரும் கல்லெடுக்காமல் கேட்க முடிந்திருக்கிறது. இதையே முகத்தை இறுக்கிக்கொண்டு எழுதியிருந்தால் கருத்தரங்கம் நடத்தியிருப்போம்.

'மயிலாடும்பாறைக்காரனுக்கு மயிலாப்பூர் நாடகத்தில் என்னப்பா வேலை?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேலை இருக்கிறது. எங்கள் வருசநாட்டுப் பக்கம் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில் சந்தித்து விடிய விடிய ஆடுவார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிற சனத்தைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்கிறவர் பபூன்தான். அவரைப் பற்றியும் படித்தவர்கள் 'ஆபாசம்', 'அசட்டுத்தனம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மோகனுக்குக் கிடைத்ததும் அதே உதாசீனம்தான், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. இத்தனைக்கும் 'அவ்வை சண்முகி' என்கிற தலைப்பே ஔவையாராக நடித்த டி.கே.சண்முகத்துக்கு வைத்த வணக்கம். அவர் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் வளர்ந்தவர். எங்கள் ஊர் மேடையும் அந்தச் சுவாமிகள் வழிதான்.

வெளியே பார்ப்போம். லண்டனில் பென் டிராவர்ஸ் என்பவர் 1920களில் ஆல்ட்விச் தியேட்டருக்காக வரிசையாகக் கேலிக்கூத்து நாடகங்கள் எழுதினார். வெறும் பொழுதுபோக்கு என்றுதான் அங்கேயும் பேச்சு. ஆனால் 1928இல் அரங்கேறிய அவருடைய 'பிளண்டர்' நாடகத்தை 1976இல் நேஷனல் தியேட்டரே எடுத்துப் போட்டது. ஆசிரியர் அப்போது உயிரோடு இருந்தார். நம்மிடமும் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரே 'சபாபதி' எழுதினார். சிரிக்கவைப்பதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. பிறகு வந்த நாம்தான் நினைத்தோம்.

மோகனிடம் குறையே இல்லையா? நிறைய உண்டு. நாயகி பெயர் எப்போதும் ஜானகி. அது தன் பள்ளி ஆசிரியைக்கு அவர் செலுத்திய மரியாதை, சரி. ஆனால் பல ஜானகிகளுக்குப் பெயரைத் தாண்டி ஒன்றும் இல்லை. பொய் சொல்கிற உரிமை மாதுவுக்கு மட்டும். ஜானகிக்கு ஏமாறுகிற வேலை மட்டும். வார்த்தை விளையாட்டு சில இடங்களில் இயந்திரத்தையே நிறுத்திவிடுகிறது. சபாவைத் தாண்டி அவர் மேடை எங்கள் பக்கம் வரவும் இல்லை. இதையெல்லாம் அவர் இருக்கும்போதே யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் அடுத்த நாடகம் இன்னும் கூர்மையாக வந்திருக்கலாம். படிக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கியதால் திட்டவும் தவறிவிட்டோம்.

இந்த வகை நாடகத்தின் உயிர், நடிகன் எப்போது திரும்பினான், எந்தக் கதவை எத்தனை நொடி திறந்து வைத்தான் என்பதில் இருக்கிறது. குழு கலைந்தால் அதுவும் கலையும். ஆகவே அவருடைய பிரதிகளை மேடைக் குறிப்புகளோடு பதிப்பியுங்கள். நாடகத் துறை மாணவர்கள் ஒரு காட்சியையாவது பிரித்து மாட்டிப் பார்க்கட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் ஆடுகிற பபூன்களைக் கூப்பிட்டு அதே காட்சியைக் கொடுத்துப் பாருங்கள். அப்புறமும் தோரணம்தான் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். வாசலில் நின்று தோரணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கல்யாணம் சரியில்லை என்று சொல்லாதீர்கள்.