பிரவுசர் நின்றால் போனைக் குறை சொல்லாதீர்!



தராசின் முள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? உடனே தூக்கி எறிந்துவிட்டுப் புதுத் தராசு வாங்குவதில்லை. தட்டில் வெல்லப்பிசின் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கிறோம். எடைக்கல்லை மாற்றி வைத்துப் பார்க்கிறோம். அதற்கும் சரிவரவில்லை என்றால்தான் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போகிறோம். இந்த நிதானம் செல்போன் விஷயத்தில் நம்மிடம் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு பெற்ற வியாபாரிகளுக்குக் கணக்குத் தாக்கல் கம்ப்யூட்டர் வழி வேலையாகிவிட்டது. வில்லியனூரிலும் பாகூரிலும் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடைக்காரர் கம்ப்யூட்டரை எங்கே வைப்பார்? கையில் உள்ள போன்தான் அவருக்கு அலுவலகம். அந்தப் போனில் பிரவுசரைத் திறந்தவுடன் அது தானாக மூடிக்கொண்டால், கடையின் கணக்குப்பிள்ளை சொல்லாமல் ஊருக்குப் போனது போலத்தான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். காலாண்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள், ஒரு ஜூலை 22. மாலை வியாபாரம் முடிந்து போனை எடுத்தேன். ஜி.எஸ்.டி. தளம் திறக்கும், பெயரும் கடவுச்சொல்லும் போடுவதற்குள் பிரவுசர் மூடிக்கொள்ளும். பத்துத் தடவை பார்த்துவிட்டுப் பழுது பார்க்கும் கடைக்கு ஓடினேன். “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் சரியாகும் அண்ணே” என்றார்கள். அவசரத்தில் சரி என்றேன். போன் சரியாகிவிட்டது. ஆனால் அதில் எழுதி வைத்திருந்த கடன் பாக்கிக் கணக்கு முழுவதும் போய்விட்டது. இரண்டு நாள் தாமதக் கட்டணம் நூறு ரூபாயை நான் பெரிதாக நினைக்கவில்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்று வாடிக்கையாளர்களையே கேட்க வேண்டி வந்ததே, அதுதான் நஷ்டம்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. போனில் இடம் நிரம்பிவிட்டதால் பிரவுசரின் புதிய பதிப்பு பல மாதங்களாக இறங்கவே இல்லை. காலை வணக்கப் படங்களையும் பழைய வீடியோக்களையும் நீக்கி இடம் ஏற்படுத்திப் புதுப்பித்திருந்தாலே போதும்.

குறை நம்முடையதாகவோ போனுடையதாகவோ மட்டும் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 2021 மார்ச் 22, 23 தேதிகளில் உலகம் முழுவதும் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. போனை அணைத்துப் போட்டும் பலருக்குப் பயன் இல்லை. காரணம், ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற உறுப்பு. மற்ற செயலிகள் தமக்குள்ளேயே இணையப் பக்கங்களைக் காட்ட உதவுவது இதுதான். இதற்கும் குரோம் பிரவுசருக்கும் பொதுவான ஓர் ஏற்பாட்டில் பிழை நேர்ந்துவிட்டதாகக் கூகுள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, சில மணி நேரத்தில் இரண்டுக்கும் திருத்திய பதிப்பை வெளியிட்டது. அன்று அவசரப்பட்டுப் போனை அழித்தவர்கள் வீணாக அழித்தார்கள். பொறுத்திருந்து புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள்.

ஆகவே பிரவுசர் நின்றால் வரிசையாகச் சோதியுங்கள்.

முதலாவது, ஒரு தளத்தில் மட்டும் நிற்கிறதா, எல்லாத் தளத்திலுமா என்று பாருங்கள். ஒரு தளத்தில் மட்டும் என்றால் பக்கத்துக் கடைக்காரர் போனில் அதையே திறந்து பாருங்கள். அங்கும் தகராறு என்றால் பெரும்பாலும் குறை தளத்தில்தான்.

இரண்டாவது, திறந்து கிடக்கும் பழைய பக்கங்களை எல்லாம் மூடிவிட்டுப் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மூன்றாவது, இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாத படங்களை நீக்குங்கள்.

நான்காவது, பிளே ஸ்டோரில் குரோம், ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ இரண்டையும் தேடிப் புதுப்பியுங்கள். பலர் முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, செட்டிங்ஸில் குரோமின் ‘கேச்’ என்பதை அழியுங்கள். இது கல்லாவில் உள்ள கேஷ் அல்ல. பார்த்த பக்கங்களின் மிச்சம். அழித்தால் நஷ்டமில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே ‘டேட்டா’ அல்லது ‘ஸ்டோரேஜ்’ அழிக்கும் பொத்தானும் இருக்கும். அதைத் தொட்டால் போனில் மட்டும் சேமித்த கடவுச்சொற்களும் போய்விடலாம். கைவிரல் அங்கே கவனமாக இருக்கட்டும்.

ஆறாவது, அவசர வேலை என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற வேறு பிரவுசரில் முயலுங்கள். அது குரோமையோ வெப்வியூவையோ நம்பி ஓடுவதில்லை. ஒரே மொத்த வியாபாரியை மட்டும் நம்பி நாம் கடை நடத்துவதில்லை அல்லவா?

இத்தனையும் செய்து பலனில்லை என்றால் போனின் வயதைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு முந்தைய போன்களுக்கு 2025-க்குப் பிறகு குரோமின் புதிய பதிப்புகள் வருவதில்லை. அப்போது புதுப் போன் வாங்குவதில் நியாயம் உண்டு. எதுவானாலும், கடன் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்த பிறகே போனைப் பிறர் கையில் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வரிப் பணம் கட்டும்போது பிரவுசர் மூடிக்கொண்டால் பதறி மறுபடி கட்டாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் போயிருந்தால், சலானில் உள்ள சி.பி.ஐ.என். எண்ணைக் கொண்டு ஜி.எஸ்.டி. தளத்திலேயே நிலவரம் பார்க்கலாம். அடுத்து, “உங்கள் போனில் வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்” என்று திரையில் வந்தால் பேசாதீர்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது நம் தவறுதான், மறுக்கவில்லை. காம்போசிஷன் முறையில் உள்ளவர்கள் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் வரி செலுத்தி விவரம் தரவேண்டும். காலாண்டுத் தாக்கல் முறையில் உள்ள நம் புதுச்சேரி வியாபாரிகளுக்கு 22-ஆம் தேதி. நாம் 15-ஆம் தேதியையே கடைசி நாளாக வைத்துக்கொண்டால் பிரவுசர் நின்றாலும் மூச்சு விட நேரமிருக்கும். வியாபாரமே நடக்காத காலத்துக்கு ஜி.எஸ்.டி.ஆர்.–3பி படிவத்தை எஸ்.எம்.எஸ். மூலமே தாக்கல் செய்யும் வசதி 2020 ஜூனில் வந்தது. அதற்குப் பிரவுசரே வேண்டியதில்லை.

ஆனால் முழுப் பாரத்தையும் வியாபாரி தலையிலேயே வைப்பதும் முறையல்ல. யாரோ ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பிழைக்கு, வரி கட்ட வேண்டியவர் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் தருவது எந்த ஊர் நியாயம்? 2021-இல் நடந்தது போல ஊரறிந்த கோளாறு நேரும் நாட்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி நம் சங்கம் அரசை வற்புறுத்த வேண்டும். அதுவரை, ஒவ்வொரு காலாண்டும் தாக்கல் செய்யும் அந்த ஒரு வாரத்திற்காவது சங்க அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரையும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் உறுப்பினர்களுக்காக வைக்கலாம். நம் பிள்ளைகளில் கல்லூரியில் படிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.