மண்புழு உரம் சரி, மண் யாருடையது?

கிராமத்துக்குத் திரும்புவோம் என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். நாம் கிராமத்திலிருந்து தப்பித்து வந்தவர்களின் பிள்ளைகள். ஆகவே எந்தக் கிராமத்துக்கு, ஊருக்கா சேரிக்கா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

போன மாதம் மதுராந்தகம் பக்கம் அப்படி ஒரு பயிற்சி மையத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும். சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களுக்கு மண்புழு உரம், பஞ்சகவ்யம், பனையோலைப் பின்னல், சுடாத மண்கல் அறுப்பது எல்லாம் இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். நல்லதை நல்லது என்றே சொல்வோம். செம்மண்ணில் கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அச்சில் அழுத்தி எடுக்கும் அந்தக் கல்லுக்குச் சூளை தேவையில்லை. செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகக் கிடப்பது யார் குடும்பங்கள் என்று தெரிந்த எவரும் அந்தக் கல்லை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அன்று நடந்த வகுப்பு மழைநீர்ச் சேமிப்பு. நகரத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், ஏரி எப்படி நிரம்புகிறது, மடை எப்படித் திறக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் சேரிக்காரர்கள். ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டில் மடை திறந்து, வாய்க்கால் பார்த்து, கடைசி வயல்வரை தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் யார்? பெரும்பாலும் நம் ஆட்கள். தண்ணீரை அளந்து விட்டவனுக்கு அந்தத் தண்ணீர் பாயும் வயல் ஒரு காணிகூட இல்லை. நாம் செய்தபோது அது குலத்தொழில். இவர்கள் பாடம் எடுத்தால் அது ‘நீடித்த வாழ்வியல்’.

உரப் பயிற்சி முடித்த அக்கா ஒருவர் எங்களிடம் கேட்டார்: “உரம் போடக் கத்துக்கிட்டேன் தம்பி. எங்க கொண்டுபோய் போடுறது?”

அந்தக் கேள்விக்கு அந்த மையத்தின் பாடத்திட்டத்தில் பதில் இல்லை. ஆனால் அதே மாவட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்த மண்ணின் பறையர்களின் நிலைமையைப் பார்த்து 1891-ல் அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892-ல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காகத்தான் காரணை மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் உட்கார்ந்துகொண்டு மண்ணை நேசிப்பது பற்றி நாள் முழுக்கப் பேசுகிறார்கள். இந்த இரண்டு பெயரும் ஒரு தடவைகூட வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த வளாகத்தில் தண்ணீர் ஊற்றாமல் மலத்தை மக்கவைத்து உரமாக்கும் கழிவறை கட்டியிருக்கிறார்கள். பெருமையாகக் காட்டினார்கள். சுவரில் வேலைப் பட்டியல் தொங்கியது. சமையல் முறைவைத்து, தோட்டம் முறைவைத்து, பாத்திரம் முறைவைத்து. கழிவறைத் தொட்டியை அள்ளுவது மட்டும் பட்டியலில் இல்லை. யார் அள்ளுகிறார்கள் என்று கேட்டோம். “காலனியிலிருந்து ஒருத்தர் வருவார். அது மலமில்லைங்க, உரம்” என்றார் பொறுப்பாளர். உரம் என்றால் நீங்களே அள்ளலாமே? முழுதாக மக்காத மனித மலத்தை மனிதரைக் கொண்டு அள்ளவைப்பதைத் தடுக்க 2013-ல் சட்டமே வந்துவிட்டது. மக்கிவிட்டது என்று நீங்கள் சொல்வது உண்மையானால் உங்கள் கை தயங்க வேண்டிய காரணம் ஒன்றுதான் மிச்சம். சுவரில் காந்தி படம் மாட்டியிருக்கிறார்கள். அவருடைய ஆசிரமத்தில் எல்லாரும் கக்கூஸ் கழுவியாக வேண்டும் என்பது விதி. காந்தியோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் இவர்கள் அவரிடமிருந்து விட்டுவிட்டது சரியாக அந்த ஒன்றைத்தான்.

கைத்தொழில் கற்றுத்தருவதையே எதிர்க்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. குத்தம்பாக்கத்தைப் பாருங்கள். 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ ஒரு தலித், வேதிப் பொறியாளர். உள்ளூர் மண்ணையும் உள்ளூர் உழைப்பையும் வைத்து அவரும்தான் வீடு கட்டினார். ஆனால் இரட்டை வீடுகளாக, தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும்படி கட்டினார். கல் அதே கல்தான், எந்தச் சுவருக்கு வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். இன்னொரு பக்கம், அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் தொழிற்கல்வி என்ற பெயரில்தான் வந்தது. அதைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று சரியாகப் பெயர் வைத்துத் துரத்தியது.

தோழர்களே, கல்லூரியிலிருந்து களப்பணிக்கென்று உங்களை இப்படிப்பட்ட மையங்களுக்கு அனுப்புவார்கள். போங்கள். கல் அறுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே, அந்தக் கிராமத்தின் யுடிஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். டி.சி. நிலம் என்று பதிவாகியிருக்கும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, இன்றைய பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். மையம் நிற்கிற இடத்தின் எண்ணையும் சேர்த்தே பாருங்கள். மதுராந்தகம் பக்கத்துக்கான மனுவை நாங்கள் போட்டுவிட்டோம்.