படம் நாடகமானது!

நாடகம் படமாவது நமக்குப் பழக்கம். "இரத்தக் கண்ணீர்" மேடையில் வெற்றி பெற்று 1954-ல் படமாயிற்று. மும்பையில் நடந்ததோ தலைகீழ்! 1960-ல் வந்த "மொகலே ஆஸம்" இந்திப் படம், 2016-ல் மேடை ஏறியது. (தமிழில் "அக்பர்" என்று வந்த அதே படம்தான்.)

படத்தில் மதுபாலா வாயசைத்தார். லதா மங்கேஷ்கர் பாடினார். மேடையில் அனார்கலியாக வரும் நடிகையே பாடுகிறார். இரவல் குரல் இல்லை!

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அப்படிப் பாடியவர்கள்தானே? பின்னணிப் பாட்டு வந்த பிறகு நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்று ஆயிற்று.

நெய்வேலி போன்ற தொழில் நகரில் சினிமாப் பாட்டுக் கச்சேரி என்றால் குடும்பத்தோடு வருவார்கள். அந்தப் பாட்டுகளை ஒரு கதையில் கோத்தால் எப்படி இருக்கும்! மும்பையின் ஆடம்பரம் வேண்டாம். ஆர்மோனியமும் மிருதங்கமும் போதும். ஆனால் பாடவும் நடிக்கவும் சேர்த்துப் பழக்கிய பாலர் நாடகக் கம்பெனிகள் மறைந்துவிட்டனவே!