பல்லுக்கு வெளிச்சம், படகுக்கு விஷமா?

பல்லில் ஓட்டை என்று டாக்டரிடம் போனால் என்ன நடக்கிறது? களிம்பு மாதிரி ஒன்றை வைத்து அடைத்து, பேனா சைஸில் ஒரு நீல விளக்கைக் காட்டுகிறார். சில விநாடிகளில் கல் மாதிரி இறுகிவிடுகிறது. அதே ஓட்டை மண்டபம் கரையில் ஒரு பைபர் படகின் அடியில் விழுந்தால்?

மேட் வெட்ட வேண்டும், மக்கில் ரெசின் ஊற்ற வேண்டும், கோபால்ட் கலக்க வேண்டும், பிறகு ஹார்டனர். இந்த ஹார்டனர் ஒரு பெராக்சைடு. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். தவறிப்போய் கோபால்ட்டும் அதுவும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இத்தனைக்கும் நடுவில் வேலை செய்பவரின் கவசம் என்ன? முகத்தில் சுற்றிய துண்டு!

இரண்டு ஓட்டைக்கும் ரசாயனம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதுதான் வேடிக்கை. ரெசினில் ஏராளமான இரட்டைப் பிணைப்புகள் சும்மா கிடக்கின்றன. ஒரே ஒரு தனி எலக்ட்ரானோடு அலையும் துண்டு (ரேடிக்கல் என்பார்கள்) வந்து ஒன்றை உடைத்தால் போதும். உடைந்தது அடுத்ததை உடைக்கும், அது அதற்கடுத்ததை. சங்கிலி நீண்டு, குறுக்கே பின்னி, திரவம் திடமாகிவிடும். கேள்வி எல்லாம் முதல் துண்டை யார் தருவது என்பதுதான். படகில் கோபால்ட் போய்ப் பெராக்சைடை உடைத்துத் தருகிறது. பல்லில் கேம்பர்குவினோன் என்ற மஞ்சள் பொருள் 470 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை விழுங்கி, ஒரு அமீனின் துணையோடு தருகிறது. பாஸ்பின் ஆக்சைடு வகைத் தூண்டிகளுக்கு விளக்குகூட வேண்டாம். வெயிலில் இருக்கும் புற ஊதாவும் ஊதாவும் பட்டாலே மூலக்கூறு இரண்டாகப் பிளந்துவிடும். வெளிநாடுகளில் அலைச்சறுக்குப் பலகைக்கு ஒட்டுப்போட இந்த ரெசினைக் கடையில் வாங்குகிறார்கள். தடவி வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. விளையாட்டுப் பலகைக்கு உண்டு, வயிற்றுப்பாட்டுப் படகுக்கு இல்லை!

"விலை அதிகம்" என்பார்கள். கிலோ கணக்கில் அதிகம்தான். ஆனால் காஸ்டிங் முதல் பாடமே விரயத்தையும் கணக்கில் எழுது என்பதாயிற்றே? மண்டபம் வெயிலில் ஹார்டனர் ஊற்றிய ரெசின் பிரஷ் படும் முன்பே மக்கில் கட்டியாகிவிடும். ஒளி ரெசின் வெளிச்சம் படாதவரை அப்படியே இருக்கும், மிச்சத்தை மூடி வைக்கலாம். படகு கரையில் காயும் நாளில் வருமானம் இல்லை, அதையும் எழுத வேண்டும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீனை 2018-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. ஒளி ரெசினிலும் ஸ்டைரீன் இருக்கலாம். ஆனால் மணிக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்காது. சுவாசிக்கிறவரின் நுரையீரல் எந்த லெட்ஜரிலும் வராததால்தான் பழைய முறை மலிவாகத் தெரிகிறது.

ஒளி முறை எல்லாவற்றுக்கும் ஆகாது. வண்ணம் கலந்த ஜெல்கோட்டில் ஒளி ஆழம் போகாது. கொட்டகைக்குள் முழுப் படகு கட்ட விளக்கு வேண்டும். தூண்டிகளும் அமிர்தம் அல்ல, நகப்பூச்சில் டிபிஓ என்ற தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் தடை செய்துவிட்டது. எனவே எதைக் கொண்டுவருவது என்று பார்த்துத்தான் கொண்டுவர வேண்டும், கையுறையும் வேண்டும். ஆனால் கண்ணாடி நார் ஒளியை உள்ளே விடும். மணலில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு ஒட்டுப்போட இதைவிடத் தோதான முறை எது?

காரைக்குடி சிக்ரிக்கு மண்டபம் முகாமிலேயே அரிப்புச் சோதனை நிலையம் உண்டு. உலோகத்தையும் பெயின்ட்டையும் உப்புக்காற்றில் நிறுத்திப் பார்த்த இடம். பழைய முறையில் ஒரு ஒட்டு, வெயிலில் இறுகிய ஒட்டு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு வருஷம் அங்கே நிறுத்தினால் என்ன? மீன்வளத் துறை அதற்கு ஒரு படகின் டீசல் மானியம் அளவுகூடச் செலவழிக்க வேண்டியிருக்காது.