கல்லுக்கு வழியுண்டு, மக்களுக்கு?

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு ஜில்லாக்களும் வேகமாக மாறி வருகின்றன. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைந்த நிலத்தில் சுற்றுச்சுவர்கள் எழும்புகின்றன. சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகின்றன. சர்க்கரை ஆலை உள்ள எறையூரில் 2023-ல் காலணி ஆலையும் திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டத்தில் மற்றொரு காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

ஆலைகள் வரட்டும். நம் வாலிபர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் மூட்டை கட்டாமல் சொந்த ஜில்லாவிலேயே பிழைக்கட்டும். இதில் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். ஆலைக்கு நிலம் பார்த்த சர்க்கார், தண்ணீரும் மின்சாரமும் பார்த்த சர்க்கார், அந்த ஆலைக்கு வேலைக்கு வரும் தொழிலாளி எந்த பஸ்ஸில் வருவார், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று பார்த்ததா?

1995-ல் திருச்சி ஜில்லாவைப் பிரித்துப் பெரம்பலூர் ஜில்லாவை அமைத்தார்கள். 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் மறுபடி சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் இரண்டாயிற்று. ஆனால் இந்த ஜனங்களின் பிழைப்பு எல்லைக்கல்லோடு நிற்பதில்லை. பெரம்பலூர்க்காரர் ரயில் ஏற அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். பெரம்பலூர் நகரத்தில் ரயில் நிலையமே கிடையாது! அரியலூரிலிருந்து ரயில் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, தண்டவாளம்தான் வரவில்லை.

2011 ஜனத்தொகைக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். பெரம்பலூர் ஜில்லாவில் 17 பேர். அரியலூரில் 11 பேர்தான். தமிழ்நாட்டிலேயே இதுதான் மிகக் குறைவு. இதன் அர்த்தம் என்ன? இங்கே நகர வளர்ச்சி என்பது நகரத்துக்குள் மட்டும் நடக்கிற காரியமல்ல. விடியற்காலையில் கிராமத்திலிருந்து புறப்பட்டு, இருட்டிய பிறகு கிராமத்துக்கே திரும்புகிற பாட்டாளி மக்களின் போக்குவரத்துதான் இங்கே நகரத்தின் உயிர்நாடி. அவர்களை விட்டுவிட்டுப் போடுகிற திட்டம் மனைத் தரகர்களின் திட்டமாகத்தான் முடியும்.

பஸ் நிலைமை என்ன? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம், களையெடுக்கப் போகும் பெண்ணின் கூலியில் ஒரு பகுதி மிஞ்சுகிறது. ஆனால் டவுன் பஸ் வராத ஊரில் இந்தச் சலுகை யாருக்கு? வெளியூர் பஸ்ஸில் ஏறினால் அதே பெண் முழுக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். ஷிப்டு முடிகிற நேரத்தில் பஸ் இல்லாவிட்டால், ஷேர் ஆட்டோவும் சரக்கு வண்டியும்தான் கதி. தமிழ்நாட்டில் காலணித் தொழிலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

"ஆலை நிர்வாகம் தன் சொந்த பஸ்ஸை விடுகிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். விடட்டும், ஆனால் அது பொதுப் போக்குவரத்துக்கு ஈடாகாது. கம்பெனி பஸ் ஆலைக்காரர்களை மட்டுமே ஏற்றும். அதே சாலையில் நிற்கிற விவசாயத் தொழிலாளியையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் கடந்து போய்விடும். வேலை போன அன்றே பஸ்ஸும் போய்விடும். ஷிப்டு முடிந்ததும் அது கிளம்பிவிடும் என்பதால், வாசலில் நின்று சங்கக் கூட்டம் கேட்கவும் தொழிலாளிக்கு நேரமிராது. பிரயாணமும் முதலாளியின் கையில் இருந்தால், கூலி பேசுகிற தொழிலாளியின் வாய் பாதி அடைபட்டது போலத்தான். ஊருக்கெல்லாம் ஓடுகிற சர்க்கார் பஸ்ஸே தொழிலாளிக்குப் பாதுகாப்பு.

மக்களுக்கு பஸ் இல்லை. கல்லுக்கோ தங்குதடையில்லாத வழியுண்டு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அரியலூர் வட்டாரத்துக் கிராமச் சாலைகளில் இரவு பகலாக ஓடுகின்றன. சைக்கிளில் போகிறவரும் நடந்து போகிறவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் புழுதிக்குள் ஒதுங்க வேண்டியிருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். அது ஒரே நாளில் நேர்ந்த பெரும் சாவு. இன்று லாரிச் சக்கரத்தில் ஒவ்வொருவராகச் சாகும்போது பொறுப்பேற்பவர் யார்? டிரைவர் மேல் ஒரு கேஸ் போடுவதோடு கதை முடிந்துவிடுகிறது. நடைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து அந்த டிரைவரை விரட்டுகிறவர்கள் கேஸில் வருவதில்லை.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கென்று 1990-களின் பிற்பாதியில் 8,000 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். கால் நூற்றாண்டாகியும் சுரங்கம் வரவில்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலைக்குச் சர்க்கார் வந்தது. பெரம்பலூர் ஜில்லாவில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லிச் சுமார் 3,000 ஏக்கர் வாங்கினார்கள். சொன்ன ஆலைகள் வரவில்லை. அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களுக்கு வேலை போனதுதான் மிச்சம். பட்டாதாரருக்காவது ஏதோ ஒரு விலை கிடைத்தது. நிலமற்ற கூலிக்காரருக்குக் கிடைத்தது என்ன?

இவ்வளவுக்கும் காரணம், திட்டம் போடுகிறவர்கள் ஆளுக்கொரு திசையில் இருப்பதுதான். தொழிற்பேட்டையைச் சிப்காட் தீர்மானிக்கிறது. மனைக்கு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி தருகிறது. பஸ்ஸைக் கும்பகோணம் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது. சுரங்கத்துக்கு ஒரு இலாகா, சாலைக்கு ஒரு இலாகா, ரயிலுக்கு டில்லி. இவர்களை ஒரே மேஜைக்கு முன்னால் உட்கார வைப்பவர் யார்?

சட்டத்தில் வழியிருக்கிறது. 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அங்கத்தினர்கள், ஜில்லா பஞ்சாயத்திலும் நகராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடையிலிருந்து, அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எந்த நிலம் எதற்கு என்பதையும், தண்ணீர்ப் பங்கீட்டையும், சாலை முதலிய வசதிகளையும், சுற்றுப்புறப் பாதுகாப்பையும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் சேர்த்து ஒன்றாகத் திட்டமிடுவது இந்தக் குழுவின் கடமை. ஆனால் நடப்பது என்ன? 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாமல், நிர்வாகத்தைத் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். பெரம்பலூரின் 121 ஊராட்சிகளுக்கும் அரியலூரின் 201 ஊராட்சிகளுக்கும் பிரதிநிதியே இல்லையென்றால், திட்டக் குழுவில் கிராமத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

மக்களுக்குத் திட்டம் போடத் தெரியாது என்று எண்ணுகிற உத்தியோகஸ்தர்கள் அண்டை மாநிலமான கேரளத்தைப் பார்க்கட்டும். 1996-ல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒதுக்கினார்கள். கிராமசபையில் உட்கார்ந்து தங்களுக்கு எது முதலில் தேவை என்று ஜனங்களே தீர்மானித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பணமில்லை என்ற பாட்டும் எடுபடாது. 2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையையும், ஏலத்தில் குத்தகை எடுத்தவர்கள் 10 சதவீதத்துக்குச் சமமான தொகையையும் ஜில்லா கனிம நிதிக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காகவே ஏற்பட்ட நிதி இது. இந்த மண்ணைத் தோண்டிக் கிடைத்த பணம் இந்த மண்ணின் மக்களுக்குச் சாலையாக வரட்டும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். உள்ளாட்சிகள் தனி அலுவலர் கையில் இல்லாமல் மக்கள் பிரதிநிதிகள் கையில் இருக்க வேண்டும். இரண்டு ஜில்லாத் திட்டக் குழுக்களும் கூட்டாக உட்கார்ந்து ஒரே போக்குவரத்துத் திட்டம் தயாரிக்க வேண்டும். ஆலை ஷிப்டுக்கும் வயல் வேலை நேரத்துக்கும் ஏற்ப டவுன் பஸ்கள் ஓட வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குத் தனிப் பாதை வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் ஊருக்குள் லாரி நுழையக் கூடாது. அரியலூர்–பெரம்பலூர் ரயில் பாதையை டில்லி சர்க்கார் இனியும் தட்டிக்கழிக்கக் கூடாது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளருக்கும், நிலமிழந்த கூலிக்காரருக்கும் வீட்டு மனை ஒதுக்க வேண்டும்.

கோரிக்கை காகிதத்தில் கிடந்தால் போதாது. மே தினத்தன்று ஊருக்கு ஊர் கிராமசபை கூடுகிறது. உங்கள் ஊருக்கு எந்த நேரத்தில் எந்த பஸ் வேண்டும், எந்தச் சாலையில் லாரி ஓடக் கூடாது என்று ஒன்றுகூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அந்தத் தீர்மானங்களைச் சேகரித்து இரண்டு கலெக்டர்களிடமும் ஊர்வலமாகச் சென்று கொடுக்கட்டும். முந்நூற்று இருபத்திரண்டு ஊராட்சிகளின் தீர்மானங்கள் ஒன்றுசேர்ந்தால், அதுவே இந்த வட்டாரத்தின் உண்மையான நகரத் திட்டம்!